திசைப் பெட்டி பூட்டிய நாள்

அன்று தோணியில் இருந்தவர்கள் ஐந்து பேர். முக்கால் பங்கு வைத்திருந்த அண்ணாச்சி. அவர் தெற்கேயிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்தவர். சண்டைக் காலத்தில் கப்பலில் வயர்லெஸ் வேலை பார்த்துவிட்டு வந்து, ரேடியோ ரிப்பேர் கடை போட்டிருந்த மெக்கானிக். தோணியை ஓட்டும் தண்டல். அவர் என் அக்காவின் புருஷன், நான் மாமா என்று கூப்பிடுவேன். அக்கா. மீதிக் கால் பங்குக்காரனான நான். மாலுமிகளைச் சாமான் வாங்கக் கரைக்கு அனுப்பியிருந்தோம். வேறு ஒருவரும் இல்லை. இதை நான் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். ஏனென்றால் அங்கே நடந்தது ஒரு வாரத்துக்குள் கல்மண்டபம் வரைக்கும் தெரிந்துபோயிற்று.

எங்களுடையது பாய்மரத் தோணி, எஞ்சின் கிடையாது. எண்ணூர் உப்பை ஏற்றிக்கொண்டு காக்கிநாடா போகும். திரும்பும்போது மரமும் புகையிலையும் வரும். அதற்கு முந்தைய கார்த்திகையில், மழைமூட்டத்தில் மெட்ராஸைத் தவறவிட்டுக் கோவளத்துக்கும் தெற்கே போய்விட்டது. எதிர்க்காற்றில் முட்டி முட்டித் திரும்பி வருவதற்குள் புகையிலை நனைந்து நாறிவிட்டது. அலை கரையில் உடைகிற சத்தத்தை வைத்தே இது எண்ணூர், இது ராயபுரம் என்று சொல்கிறவர் மாமா. அவருக்கு எப்படித் தப்பியது என்று எனக்குப் புரியவில்லை. நான் சும்மாவே கதவைத் தாழ் போட்டுவிட்டு மறுபடி எழுந்து போய்த் தொட்டுப் பார்க்கிற ஆள். அதற்கப்புறம் தோணி வடக்கே போய்த் திரும்புகிறவரை சோறு இறங்காது.

அப்போதுதான் மெக்கானிக் சொன்னான், பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் திசை காட்டுகிற ரேடியோ ஒன்று வந்திருக்கிறது என்று. நானே அண்ணாச்சியின் கடைக்கு நடையாய் நடந்து அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

பெட்டியைத் தோணியில் பூட்டுவதற்கு முந்தின நாள் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். "அவருக்கு இந்தப் பொட்டியெல்லாம் வோணாம்டா. பழைய மாரியே ஓட்டிக்கட்டும்" என்றாள்.

"உன் நல்லதுக்குத்தானேக்கா செய்யறேன். அவரு கடல்ல மாட்டிக்கினா நீ இன்னா பண்ணுவே?"

அவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். செலவுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தோணி ராயபுரத்துக்கு எதிரே நங்கூரத்தில் நின்றது. கரைக்காற்று, அதனால் தோணியின் முன்பக்கமான அணியம் கரையைப் பார்த்திருந்தது. பாட்டரி இரண்டையும் அடித்தட்டில் கட்டையடித்து நிறுத்தினோம். அதிலிருந்து பெட்டிக்கு வருகிற இரண்டு ஒயரையும் சடை பின்னுகிற மாதிரி முறுக்கிக்கொண்டே வந்தான் மெக்கானிக். காம்பஸிலிருந்து தள்ளிய இடமாகப் பார்த்து, சுக்கான் பக்கத்தில் பெட்டியை வைத்தான்.

"கிட்ட வெச்சா இன்னா ஆகும்?" என்று கேட்டேன்.

"காம்பஸ் முள்ளு பேஜாரு பண்ணும் நைனா. அதுக்குத்தான் ஒயரையும் முறுக்குறது. நீ எத்தினி வாட்டிதான் கேப்பே?"

பெட்டிக்கு மேலே சல்லடை வளையம் அளவுக்கு ஒரு செப்பு வளையம். அதைத் திருப்ப ஒரு கைப்பிடி, கீழே ஒரு முள், முள்ளைச் சுற்றி வட்டத் தகடு. காதில் மாட்டிக்கொள்ள ஒரே ஒரு ஜோடி ஹெட்போன். பெட்டியைப் பூட்டி முடித்ததும் மெக்கானிக் எங்களுக்கு விளக்கினான். மெட்ராஸ் ரேடியோ நிலையத்தின் பாட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு வளையத்தைத் திருப்ப வேண்டும். பாட்டு குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் சுத்தமாக நின்றுபோகும். அப்போது முள் காட்டுகிற பக்கம் மெட்ராஸ். தோணி திரும்பினால் முள்ளையும் மறுபடி தேட வேண்டும். அவன் குனிந்து தகட்டைப் பார்த்தபடியே பேசினான். மாமா சுக்கான் கட்டையில் கைவைத்து நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் மெக்கானிக், பிறகு நான். நாதஸ்வரம் கேட்டது. திருப்பத் திருப்ப அது மெலிந்து, மெலிந்து, இல்லாமலேயே போயிற்று. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முள் நேர் முன்னே, கரையைக் காட்டியது. மெக்கானிக் அந்த இடத்தில் தகட்டின்மேல் சாக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டான். அண்ணாச்சியும் கேட்டுப் பார்த்தார். அவருக்கும் அந்தக் கோட்டிலேயே நின்றது.

"பரவால்லியே. கொடுத்த துட்டுக்குக் குறைவில்லை பாத்துக்கிடும்" என்றார். பிறகு மாமாவைக் கூப்பிட்டார். "தண்டலு, நீரு வாரும்."

அக்கா குறுக்கே வந்தாள். "அவரு சாப்ட்டுட்டுப் பாக்கட்டுமே. கொயம்பு ஆறிப் போவுது."

பெண்பிள்ளை தோணியில் ஏறலாமா என்று காலையில் முனகிய அண்ணாச்சி, குழம்பு வாசனையில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிட்டோம். மெக்கானிக் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, "மாமு, உனக்கு இன்னா கவலை, இனிமே தூங்கினே வூடு வந்து சேரலாம்" என்று மாமாவைச் சீண்டினான். மாமா சிரித்தார். எதற்கும் அவர் சிரிப்பார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே காற்று மாறியது. கரைக்காற்று ஓய்ந்து தெற்கிலிருந்து வீச ஆரம்பித்தது. எங்கள் எல்லோருக்கும் முன்னால் அதைக் கண்டவர் மாமாதான். சோற்றுக்கையோடு எழுந்துபோய் நங்கூரக் கயிற்றைப் பார்த்துவிட்டு வந்தார். தோணி மெல்லத் திரும்பித் தெற்கே முகம் வைத்து நின்றது. கரை இப்போது எங்களுக்கு வலப்பக்கம்.

மாமா கை கழுவி, துண்டில் துடைத்து, காதில் மாட்டிக்கொண்டார். கைப்பிடியை இப்படியும் அப்படியும் திருப்பினார். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து தகட்டைப் பார்த்து, முள்ளைக் கொண்டுவந்து சாக்குக் கட்டிக் கோட்டின்மேல் சரியாக நிறுத்தினார்.

"நின்னுபோச்சு. நல்ல சாமான்" என்றார்.

மெக்கானிக் தெற்கே நீட்டிக்கொண்டிருந்த முள்ளைப் பார்த்தான், வலப்பக்கம் இருந்த கரையைப் பார்த்தான். குனிந்து மாமாவின் ஒரு காதிலிருந்து அதை இழுத்துத் தன் காதில் வைத்தான். பிறகு சிரித்துவிட்டான். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு. "மாமு, நாயனம் இருக்கறதுலயே பெருசா ஊதிக்கினு கீது. இங்க போய் நிறுத்திட்டியே, இன்னா செவுடா நீ?"

அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றுவிட்டது. அதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்ச காலமாகவே கூப்பிட்டால் மாமா சில சமயம் திரும்பமாட்டார். என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து, என்ன தப்புச் செய்தேன் என்று உருகி, பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அதற்கும் சிரித்தார்.

அண்ணாச்சி மாமாவின் முதுகுப்பக்கம் போய் நின்றார். சாதாரணக் குரலில், "தண்டலு, தோணியில தண்ணி ஏறுது" என்றார்.

மாமா கடலைப் பார்த்தபடி நின்றார்.

"வுட்டுடு அண்ணாச்சி" என்றாள் அக்கா. "போதும்."

அண்ணாச்சி என்னிடம் வந்தார். "நான் கொடுமைக்காரன் இல்லவே. மனுசன் தங்கம். ஆனா அலைச் சத்தம் கேக்காத ஆளை நம்பி எப்படிச் சரக்கு ஏத்தச் சொல்லுதீரு? ஏழு உசுரு போவுது வருது."

"பொட்டியை வேற ஆளு கேக்கட்டும். மாமா சுக்கான் மட்டும் புடிக்கட்டும்" என்றேன்.

"கத்துறது கேக்காட்டி?"

அந்தக் கார்த்திகையில் முன்னால் நின்ற மாலுமி கரைச் சத்தம் கேட்டுக் கத்தியிருப்பானோ, இவர் சிரித்திருப்பாரோ என்று அப்போதே மனசு ஓட ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஓடுகிறது.

நாங்கள் பேசியது மாமாவுக்குக் கேட்டிருக்காது. எங்கள் முகங்களைப் பார்த்தார், அவ்வளவுதான். காதில் மாட்டியதைக் கழற்றித் துண்டால் நன்றாகத் துடைத்து மெக்கானிக்கின் கையில் கொடுத்தார். மெக்கானிக் அழுதுவிட்டான். "தெரியாது மாமு, சத்தியமா தெரியாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மாமா அவன் தோளைத் தட்டிவிட்டு, அக்காவைக் கைபிடித்துச் சிறு படகில் இறக்கி, தானே துடுப்புப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தூத்துக்குடியிலிருந்து வேறு தண்டல் வந்தான். பெட்டி நன்றாகவே வேலை செய்தது. அதற்கப்புறம் தோணி மெட்ராஸைத் தவறவிட்டதில்லை. எனக்குத்தான் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மாமாவும் அக்காவும் முகத்துவாரக்குப்பத்துக்குக் குடிபோனார்கள். அங்கே அவர் கரைவலை இழுத்தார். எங்கள் தோணிகளில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நடைக்கான பங்கை அடுத்த நடை கிளம்புகிற அன்றுதான் கொடுப்பார்கள். நடுவில் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டவன், தோணியை விட்டு நின்றவன். நான் பணத்தை முடிந்துகொண்டு குப்பத்துக்குப் போனேன். மணலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து கூப்பிடாமல் சுற்றிக்கொண்டு போய் எதிரே நின்றேன்.

முடிச்சை நீட்டினேன். அது என்னவென்று அவருக்குத் தெரிந்தது. இப்போதெல்லாம் அவர் பேச்சு ரொம்ப உரக்க வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்ப இன்னாத்துக்குடா? அடுத்த நடைக்குக் கெளம்புறப்ப வாங்கிக்கிறேன்."

அக்கா குடிசை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளும்படி அவரிடம் சொல்லவும் இல்லை, என்னை உள்ளே கூப்பிடவும் இல்லை. அடுத்த வருஷமும் போனேன். அதே பதில்தான். அண்ணாச்சி தோணியை விற்றபோது, கணக்கை மூட வேண்டும், பழைய தண்டல் பங்கைக் கொடுத்துத் தொலையும் என்றார். கொடுத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். நான் மாமாவுக்குத் தர வேண்டியது இன்னும் அறுபத்தெட்டு ரூபாய் நாலணா.