அலமாரி ஏறிய மோடம்

எனக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். வேலையிடத்தில் நான் சொன்னால் கேட்பதற்கும் சிலர் இருக்கிறார்கள். இருந்தும் என் வீட்டு மோடம் இன்றைக்கும் உள்ளறை அலமாரியின் உச்சியில்தான் உட்கார்ந்திருக்கிறது. இன்டர்நெட் மேலேயிருந்து கீழே இறங்கினால்தான் வேகமாக வரும் என்று பதின்மூன்று வயதில் மனதார நம்பியவன் நான். அந்த நம்பிக்கையின் மிச்சம் அது.

நம்பியதற்கு நியாயம் உண்டு. கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் இருந்தது. முன்வீட்டுக்காரர்கள் குளித்துத் துவைத்து முடித்த பிறகுதான் எங்கள் குழாய் இருமிக்கொண்டு சொட்டும். ஆகவே புதிதாக வந்த இன்டர்நெட்டும் இழுத்துக்கொண்டு நின்றபோது, தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோரான அப்பா யோசிக்கவே இல்லை.

"கடைசி வூடுல்ல, பிரஷர் பத்தல" என்றார்.

இன்டர்நெட் வந்ததே அண்ணிக்காக. அண்ணனைக் கட்டிக்கொண்டு மந்தின் டவுனிலிருந்து வந்தவர். அங்கே ஓர் உதிரிபாகக் கடையில் அவருக்கு வேலை. லாரிச் சாமான், டிராக்டர் சாமான் கேட்டு ஆட்கள் கூப்பிட்டால், எது எந்தக் கம்பெனியில் கிடைக்கும் என்று வலைப்பக்கங்களில் தேடிச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம், சுணங்கினால் மட்டும் பழையபடி கடைக்கு வந்துவிட வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். தினமும் பஸ் மாறி மந்தின் போய்வர அப்பா ஒப்பவில்லை.

"இந்த மாசம் பாப்போம். சரிப்படலன்னா வேலய வுட்டுரும்மா" என்று சாப்பிடும்போது சொல்லிவிட்டு, குழம்பு ஊற்றச் சொன்னார். அண்ணி ஊற்றினார்.

பக்கங்களோ திறப்பதற்கு முன் வெள்ளையாக விறைத்து நின்றன. அண்ணியின் கம்ப்யூட்டரில் மட்டுமல்ல, அதே மோடத்தில் செருகியிருந்த என் பழைய கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். வேடிக்கை என்னவென்றால், ஒரு பக்கம் வரத் தொடங்கிவிட்டால் சட்டென்று வந்துவிடும். தொடங்குவதற்குத்தான் அத்தனை பாடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் காரியத்தில் இறங்கினோம். மோடத்தை அலமாரி மேல் ஏற்றினோம். கேபிள் எங்கும் மடங்கக்கூடாது என்று அப்பா கட்டளையிட, நான் நாற்காலியில் நின்று அதைச் சரிவாகத் தூக்கிப் பிடித்தேன். கை கடுத்ததுதான் மிச்சம்.

"இருடா, குழாயில காத்து அடைச்சிருக்கும். அது போனதும் வரும்" என்று சொல்லிவிட்டு அப்பா கோயில் கூட்டத்துக்குக் கிளம்பினார்.

அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்ததும் அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"தம்பி, கைய எறக்கு. வலிக்கும்."

"எறக்குனா நின்னுரும் அண்ணி!"

"நிக்கட்டும் லா."

ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, ஏதோ ஒரு தளத்தின் பெயரைத் தட்டினார். வழக்கமான காத்திருப்பு. பிறகு அந்தப் பெயருக்குரிய எண் வந்தது. அடுத்து பெயரை விட்டுவிட்டு எண்ணையே தட்டினார். விரலை எடுப்பதற்குள் பதில்! வேறு பெயர் தட்டினார், இழுத்தது. அதன் எண்ணைத் தட்டினார், பறந்தது. என்னால் கேபிளைப் பிடித்திருக்க முடியவில்லை.

"ரோடு நல்லாத்தான் இருக்கு. வழி கேக்குற எடத்துலதான் கோளாறு" என்றார் அண்ணி. "நாம பேரத்தான் தட்டுறோம். அதுக்கு என்ன நம்பருன்னு மோடம் ஒருத்தர்கிட்ட கேக்கணும். இப்போ, ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி வேலய வுட்டுட்டு போர்டிக்சன் போயிட்டாருன்னு வெச்சிக்க. அது தெரியாம வர்றவன் எல்லாம் அவரு ரூம் கதவத் தட்டிட்டு நின்னா? நின்னு அலுத்துப்போயிதான் பக்கத்து ரூமுக்குப் போவான்."

மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் அப்படிக் கேட்பதற்கு இரண்டு முகவரிகள் இருந்தன. மோடம் மாட்ட வந்தவர் எழுதிவிட்டுப் போனவை. அண்ணி இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார். முதலாவதிடம் மூச்சே இல்லை. இரண்டாவது உடனே பேசியது. செத்ததை அழித்துவிட்டு, பேசுகிறதை அந்த இடத்தில் வைத்தார். அவ்வளவுதான். நானாக இருந்தால் அதற்குள் எதையாவது உடைத்திருப்பேன். அவர் பல்லைக்கூடக் கடிக்கவில்லை. தொட்டது ஒரே இடம். பக்கங்கள் மளமளவென்று திறந்தன.

அப்பா திரும்பி வந்து, நின்றபடியே ஒரு பக்கத்தைத் தட்டிப் பார்த்தார்.

"பாத்தியா! காத்து போயிருச்சு!"

நடந்ததைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். "மொதல்ல சாப்புடு தம்பி" என்று அண்ணி கையில் தட்டைக் கொடுத்தார். கேட்காமலே ஒரு பெரிய பொரித்த மீன் அதில் இருந்தது.

"ஆமா மாமா, இப்ப நல்லா ஓடுது" என்றார் அப்பாவிடம்.

"அப்புறம் என்னம்மா, வேலய எதுக்கு வுடணும்? வூட்லயே செய்யி!"

அதற்குப் பிறகு லயத்தில் யார் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தாலும் அப்பாவே போய் மோடத்தை அலமாரி மேல் ஏற்றிவைத்தார். இத்தனை மூளை இருந்து என்ன, வாய் திறக்கத் தைரியம் இல்லையே என்று வாய் நிறைய மீனோடு அண்ணிக்காகப் பரிதாபப்பட்டேன் நான்.

அதே கடையின் கிளை ஒன்றை இன்று அண்ணிதான் நடத்துகிறார். போன தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்திருந்தபோது கேட்டே விட்டேன்.

"அன்னிக்கு ஏன் அண்ணி உண்மைய சொல்லல? அப்பாவுக்குப் பயமா?"

அண்ணி கைபேசியிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். திறந்திருந்த உள்ளறைக் கதவு வழியாக அலமாரி உச்சியில் இருந்த மோடத்தைப் பார்த்தார்.

"எனக்கு வேல வேணும், கெடச்சிச்சு. அதுக்கு மாமா சரின்னு சொல்லணும், சொன்னாரு. ஒனக்கு மீனும் கெடச்சிச்சு. இன்னுமா வெளங்கல ஒனக்கு? மொதல்ல அத எறக்கி வை லா, ஹால்ல லைனே கெடைக்கல."