சந்தோஷமாக எழுதிய கடிதம்

என் இங்கிலீஷ் இன்னும் கொஞ்சம் மோசமாக இருந்திருந்தால் அப்பா என்னை அழைத்துப் போக வந்திருப்பார். நன்றாக எழுதித் தொலைத்ததுதான் வினை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். வரதராஜன்பேட்டையிலிருந்து என்னைக் கொண்டுபோய் அரியலூர்ப் பக்கம் ஒரு போர்டிங்கில் சேர்த்தபோது எனக்குப் பத்து வயது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும், அதுவும் இங்கிலீஷில். டீச்சரம்மா திருத்திய பிறகுதான் தபாலுக்குப் போகும். வெறுமனே ‘சாப்பிடுகிறேன்’ என்று எழுதினால் போச்சு, ஓரத்தில் சிவப்பு மையில் ‘எப்படி?’ என்று விழும். எதையும் எப்படிச் செய்தோம் என்று சேர்த்து எழுதினால்தான் அது இங்கிலீஷாம். அதற்காகக் கரும்பலகையில் ஒரு பட்டியலே இருந்தது: மிகுந்த சந்தோஷத்துடன், நல்ல பசியோடு, மிக அமைதியாக.

பாஸ்குத் திருநாளுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, யாராவது வந்து கூப்பிட்டால்தான் வீட்டுக்கு விடுவார்கள். ‘தினமும் அழுகிறேன், வந்து கூட்டிப் போங்கள்’ என்று எழுதினேன். ‘எப்படி?’ விழுந்தது. அழுவதற்குப் பொருந்துகிற மாதிரி பட்டியலில் ஒன்றுமில்லை. அந்த வரியையே எடுத்துவிட்டேன். மற்ற எல்லாவற்றையும் மிகுந்த சந்தோஷத்துடன் செய்வதாக எழுதி ‘வெரி குட்’ வாங்கினேன். அந்த வெரி குட்டைப் பார்த்தாவது அப்பா ஓடி வருவார் என்று நம்பினேன், மண்டு!

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மாதா கோயில் உபதேசியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். பதில் வந்தது: ‘நீ அங்கு சந்தோஷமாக இருப்பதறிந்து மகிழ்ச்சி. திருநாளுக்கு அங்கேயே இருந்து நன்றாகப் படி.’

எல்லோரும் போய்விட்டார்கள். சுருட்டி வைத்த பாய்களுக்கு நடுவே என் பாய் மட்டும் விரித்துக் கிடந்தது. திருநாளன்று சமையல்காரம்மா எனக்கென்று தனியாகச் சோறு போட்டு, “நல்லா சாப்புடு பாப்பா” என்றாள். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அப்பா, அம்மா, டீச்சரம்மா, ஒருவர் விடாமல் வெறுத்தேன்.

கோடை லீவில் ஊருக்குப் போனேன். எனக்குத் தலை பின்னிக்கொண்டே அம்மா சொன்னாள்: “அத்தனை தரம் சந்தோஷம், சந்தோஷம்னு எழுதியிருந்தியே. உபதேசியாரு படிக்கிறப்பவே தெரிஞ்சுபோச்சுடி, எம்புள்ள அழுவுதுன்னு.”

“தெரிஞ்சா அப்பாகிட்ட சொல்றதுதானே?”

“சொன்னேன். ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமான்னு கேட்டாரு.”

பின்னலை இறுக்கி முடிந்தாள். வலிக்கிறது என்று கத்தினேனே தவிர, திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாரம் தவறாமல் என்னிடம் ‘எப்படி?’ என்று கேட்க ஒரு சிவப்பு மையாவது இருந்தது. அம்மாவிடம் அதைக் கேட்க அந்த வீட்டில் ஒருவரும் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.