உள்ளே அழித்தேன், வெளியேயும் போனது

இராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை வைத்திருக்கிறேன். எங்கள் பழைய டிசைன் சாப்ட்வேர் புது கம்ப்யூட்டரில் ஓடவில்லை. அதனால் சர்வீஸ்காரர் புது கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய விண்டோஸை இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடவிட்டு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் வைத்துத் தந்தார். முன்பு என்னோடு சேர்ந்து கடை நடத்திய தோழி செல்வி போட்ட மயில் டிசைன்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

ஒருநாள் பழைய விண்டோஸ் மிகவும் மெதுவாக ஓடியது. உள்ளே இருப்பது நகல்தானே என்று நினைத்து டிசைன்களை அழித்தேன். வெளியே பார்த்தால் அங்கேயும் இல்லை. உடனே சர்வீஸ்காரரை வரவழைத்தேன்.

"யக்கா, அது நகல் இல்ல. ஒரே ஃபோல்டர்தான் ரெண்டு பக்கமும் தெரியுது" என்றார் சர்வீஸ்காரர். அவராலும் மீட்க முடியவில்லை.

செல்வி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிபோன பிறகு நாங்கள் பேசியே வெகுநாளாகியிருந்தது. கூச்சத்தோடு போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"ஏட்டி, மயிலு பறந்தாத்தான் என் நெனப்பு வருமோ? போறப்பவே பென்டிரைவுல எடுத்துட்டுதான் போனேன். இரு, நானே வாரேன்!"

வந்தவள் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். அவசரத்தில் அவள் கால் வைக்க மறந்ததால் வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கித் தந்த மயிலும் வந்தது. அன்று போலவே இருவரும் சிரித்தோம்.

இப்போது பொது ஃபோல்டரில் எதையும் அழிப்பதில்லை. புது டிசைன்களைப் பென்டிரைவில் நகலெடுத்துச் செல்வியிடம் கொடுத்து வைக்கிறேன். அதற்காக மாதம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிடுகிறேன்.