மஞ்சள் தண்ணீரும் சோள அடுப்பும்

அந்த வெள்ளிக்கிழமை நிலைமை இதுதான்:

1. காலை ஆறரைக்கு எங்கள் சோள அடுப்பு நின்றது.
2. எட்டு மணிக்கு வீட்டுக்குள் வெப்பம் பதின்மூன்று பாகை.
3. மாதம் நிறையுமுன் பிறந்து ஐந்து வாரம் மருத்துவமனையில் இருந்த தம்பியை அம்மா அன்று பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவர இருந்தார். பிள்ளையின் அறை குளிரக் கூடாது என்று தாதி இரண்டு முறை சொல்லியிருந்தார்.
4. அடுப்பு ஏன் நின்றது என்பதற்கு ஒரே சாட்சி நான். எனக்கு ஒன்பது வயது. யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன்.

பிரெஞ்சுப் புறநகரான பொண்டியில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டைச் சூடாக்கிய எண்ணெய்க் கொதிகலன் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போனது. லா சப்பலில் மளிகைக்கடை வைத்திருந்த சித்தப்பா, அப்பாவின் தம்பி, ஒரு வழி கண்டுபிடித்தார். அவருடைய கடைப் பின்னறையில், வெங்காய மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, நான்கு குடும்பங்கள் ஒரு சங்கம் அமைத்தன. உழவர் ஒருவரிடம் காய்ந்த மக்காச்சோளத்தை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டு, அதை எரித்து வீடுகளைச் சூடாக்குவதென்று முடிவாயிற்று. அடுப்பின் தலையில் ஒரு தொட்டி இருக்கும். அதன் அடியில் ஓர் இரும்புத் திருகு மெதுவாகச் சுழன்று மணிகளை நெருப்புக்குள் தள்ளும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவை எரிவதைப் பார்த்தபடி நான் வீட்டுப்பாடம் செய்வேன்.

பெரியம்மாவுக்கு அதைப் பார்க்க மனம் பொறுக்காது. அம்மாவின் அக்காவான அவர் முந்திய ஆண்டுதான் வன்னியிலிருந்து வந்திருந்தார். அம்மா மருத்துவமனையே கதியென்று கிடந்ததால் வீடு அவர் பொறுப்பில் இருந்தது. தினமும் விடியக் கராஜுக்குப் போய், எங்கள் பங்குச் சோளம் இருந்த பெரிய பையின் திறந்த வாய்க்குள் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்.

“சாப்பாட்டுச் சாமானை நெருப்பிலை போடுறம். ஒரு மன்னிப்புக் கேக்க வேண்டாமே?” என்றார், நான் கண்டுவிட்ட அன்று. “அப்பாட்டைச் சொல்லிப்போடாதை, என்ன?”

சோளமும் மஞ்சள், தண்ணீரும் மஞ்சள். அப்பா கண்டுபிடிக்க வழியே இல்லை என்று நினைத்தேன்.

அன்று அப்பா அடுப்பைக் கழற்றிப் பாகங்களைப் பழைய பத்திரிகையில் பரப்பினார். திருகைச் சுற்றிச் சோளம் களியாக இறுகியிருந்தது. திருகுதான் பழுதென்று நினைத்து, திருத்துபவரை விசாரித்துவிட்டு, சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து ஒலிபெருக்கியைப் போட்டார்.

“திருத்திற ஆள் திங்கக்கிழமைதான் வருவானாம்,” என்றார் அப்பா.

“அப்ப பிள்ளையைத் திங்கள் வரைக்கும் அங்கையே வைச்சிருக்கச் சொல்லுங்கோ, அண்ணை.”

“அஞ்சு கிழமையா அவள் பிள்ளைக்குப் பக்கத்திலை கதிரையிலை இருந்தபடியே படுக்கிறாள். எப்பிடியடா சொல்லுறது?”

பெரியம்மா சமையலறை வாசலில் நின்றார். என் பக்கம் பார்க்கவில்லை.

நான் அப்பாவிடம் எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னேன். பெரியம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆகவே சத்தியத்தை முழுதாக மீறியதாகாது என்பது என் கணிப்பு.

அப்பா எழுந்து கராஜுக்குப் போனார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். அவர் பைக்குள் முழங்கை வரை விட்டு எடுத்த கை மஞ்சளாக வந்தது. மணிகள் ஊதியிருந்தன. சிலவற்றில் வெள்ளை முளை.

“மச்சாள், உதென்ன, நாத்துமேடையே போட்டிருக்கிறியள்?”

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா வெடிப்பார் என்று காத்திருந்தேன். அவரோ சிரித்தார். அடுப்புக்கு ஒன்றுமில்லை, சோளம்தான் ஈரம் என்பது அவருக்கு அவ்வளவு பெரிய ஆறுதல்.

சங்கத்தின் மற்ற மூன்று வீடுகளும் தங்கள் பங்கிலிருந்து காய்ந்த சோளம் தந்தன. சித்தப்பா கடையை அடைத்துவிட்டு, திரான்சியிலிருந்த தன் வீட்டிலிருந்து இரண்டு அரிசிப் பைகளில் கட்டிக்கொண்டு வந்தார்.

“பஸ்ஸிலை ஒரு மனிசி கேக்கிறா, எத்தினை கோழி வளக்கிறியள் எண்டு. ஒரு குஞ்சுதான், இண்டைக்குத்தான் வீட்டை வருது எண்டன்.”

அப்பா திருகைச் சுரண்டித் துடைத்து மறுபடி பொருத்தினார். மூன்று மணிக்கு நெருப்புப் பிடித்தது. ஐந்தரைக்கு அம்மா உள்ளே வந்தபோது இருபத்தொரு பாகை. அம்மா தன் உள்ளங்கையைக் காற்றில் விரித்துப் பார்த்தார். பிறகு தம்பியின் தொப்பியைக் கழற்றினார். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பெரியம்மா அந்த அறைக்கு வரவில்லை. ஊறிய சோளத்தைச் சட்டியில் அள்ளி வந்து, முளைத்ததை நீக்கி, அவித்து உப்புப் போட்டுத் தின்றுகொண்டிருந்தார். அடுத்த மூன்று நாட்களும் அதேதான். சோறு வேண்டாமென்றார். என்மேல் கோபம் என்றே நினைத்து, என் சொக்கலேட்டைக் கொண்டுபோய் அவர் தட்டருகே வைத்தேன். என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். ஆனால் சோளம் தின்பதை நிறுத்தவில்லை. வன்னியில், போரின் கடைசி மாதங்களில், ஒரு கோப்பைக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர் அவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு பை தானியம் தன் கையாலேயே கெட்டுப்போவது எப்படியிருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. யாரும் சொல்லவுமில்லை.

இப்போது சங்கத்தில் ஏழு வீடுகள். தம்பி என்னைவிட உயரம். பெரியம்மா எங்களோடுதான் இருக்கிறார். அடுப்புத் தொட்டியை மட்டும் அவர் நிரப்புவதில்லை. அது என் வேலை.