மேகம் தெரிய ஒரு கார்டு

தொண்ணூறுகளின் கடைசியில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைன் வேலை பார்த்தேன். மங்கலத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கி, கட்டிங் மேசைகளைத் தாண்டி மாடியேறினால் என் அறை. அந்தக் கட்டிடத்தில் ஏசி போட்ட அறை அது ஒன்றுதான். முதலாளி அறையில்கூட ஃபேன்தான் சுற்றும். ஏசி எனக்காக அல்ல, அங்கிருந்த கம்ப்யூட்டருக்காக. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே வரலாம்.

பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் படத்தை கம்ப்யூட்டரில் ஏற்றி, துணியில் அச்சடிப்பதற்கு ஏற்றபடி நிறம் நிறமாகப் பிரித்து ஃபிலிம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பெரிய பெரிய படங்கள். சாதாரண மெஷின் திணறும் என்று முதலாளி கோயமுத்தூரில் சொல்லி வைத்து வாங்கியது அது. இதற்கு மேல் இப்போதைக்கு எதுவும் கிடையாது என்று விற்றவர்கள் சொன்னதை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவரும் சொல்வார். ஊரிலேயே அதுதான் பெரிய மெஷின் என்று நானும் நம்பினேன்.

முதலாளியின் மனைவியை எல்லோரும் அக்கா என்போம். கணியூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பெனியில் செக்கிங் முழுவதும் அவர் கையில். தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் பிடித்து ஒரு பார்வை பார்ப்பார். தையல் ஒரு இழை விலகியிருந்தாலும் தனியே போய்விடும். மத்தியானம் சாப்பிட்டதும் வெயில் தாங்காமல் என் அறைக்கு வந்து சற்று நேரம் உட்கார்ந்திருப்பது வழக்கம்.

ஒருமுறை முதலாளி ஜெர்மனி போய்விட்டு வந்தபோது, பையர் ஆபீசில் கொடுத்தார்கள் என்று ஒரு அட்டைப் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். விமானம் ஓட்டும் கேம். விளையாட்டில் எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை. ஆனால் என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஒரு மத்தியானம் போட்டுப் பார்த்தேன். அக்கா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஒரு வாரத்தில் கீபோர்டு அவர் பக்கம் போய்விட்டது.

வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை கணவர் விமானம் ஏறுகிறார். அக்கா ஒருமுறைகூட ஏறியதில்லை. ஏர்போர்ட் வாசல் வரைக்கும் போய் வழியனுப்புவதோடு சரி. உள்ளே போனதும் அவர் என்ன பார்க்கிறார், கீழே நிலம் எப்படித் தெரியும், மேகம் பக்கத்தில் வந்தால் எப்படி இருக்கும் என்றெல்லாம் அக்காவுக்குள் பல வருஷமாகவே கேள்வி இருந்திருக்கிறது. அதை யாரிடமும் கேட்டதில்லை என்று பிறகொரு நாள் என்னிடம் சொன்னார்.

விமானத்தைக் கிளப்பவும் திருப்பவும் சீக்கிரமே கற்றுக்கொண்டார். ஆனால் மேலே போனால் பார்க்க ஒன்றுமில்லை. நிலம் பச்சைத்தாள் ஒட்டினாற்போல் தட்டையாகக் கிடந்தது. வானம் ஒரே நீலம். திருப்பும்போது படம் விட்டு விட்டு நகர்ந்தது. பெட்டியின் பின்பக்கத்திலோ வேறு மாதிரி படங்கள். வெயில் பட்ட வெள்ளை மேகங்கள், தண்ணீரில் மினுமினுப்பு, மலைகளின் மடிப்பு. அக்கா பெட்டியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார்.

"சாம்பிள் ஒண்ணு காட்டிட்டு பல்க்கு சரக்குல வேற அனுப்புனா நம்ம பையர் உடுவாங்களா கண்ணு?" என்றார். "இத்தாப்பெரிய மெஷினு, ஒரு மேகத்தைக் காட்ட மாட்டீங்குதே."

எனக்கும் அது உறுத்தத் தொடங்கியது. கோயமுத்தூர் கடைக்கு போன் போட்டுக் கேட்டேன். அதற்கு மேல் அந்த மெஷினில் செய்ய ஒன்றுமில்லை என்றார்கள். வேண்டுமானால் மெமரி கூட்டிப் பார்க்கலாம் என்றார்கள். டிசைன் வேலைக்கும் ஆகும் என்று மெஷினைக் கடைக்கே அனுப்பிக் கூட்டினோம். என் படங்கள் முன்னைவிட வேகமாகத் திறந்தன. கேமும் சீக்கிரம் கிளம்பியது. மேகம் மட்டும் வரவில்லை.

கம்பெனிக்கு பட்டன், ஜிப், லேபிள் சப்ளை செய்யும் பாய் ஒருவர் உண்டு. எங்கள் ஊர் பள்ளிவாசல் தெருக்காரர். அப்போதுதான் சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் சாமான்களும் எடுத்து வந்து விற்க ஆரம்பித்திருந்தார். பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியை அவரிடம் காட்டினேன். த்ரீ-டி கார்டு இருந்தால்தான் அந்தப் படங்கள் வரும் என்று அதில் இருந்தது. அப்படி ஒரு கார்டு வந்திருப்பது தெரியும், இரண்டு மூன்று விற்றும் இருக்கிறேன், ஆனால் அது என்ன செய்யும் என்று நானே பார்த்ததில்லை என்றார்.

"கொண்டாந்து தர்றனுங்கம்மா," என்று அக்காவிடம் சொன்னார். "ஒரே ஒரு கண்டிசன். மாட்டறப்ப நானும் இருக்கோணும்."

அக்கா சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

கார்டு வந்த அன்று மத்தியானம் கம்ப்யூட்டரை முதல்முறையாக நானே திறந்தேன். மூடியைக் கழற்றிவிட்டு மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். உள்ளே தலையணைக்கு அடைத்ததுபோல் பஞ்சு. ஏசி அறை, செருப்பில்லாத அறை என்று இருந்தும், கீழே பறக்கும் துணிப்பஞ்சு முழுக்க எப்படியோ அங்கே வந்து சேர்ந்திருந்தது. பாய் கீழே போய், தையல் மெஷின்களைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் காற்றுக்குழாய் மேலே வரை எட்டுமா என்று பார்த்தார். எட்டவில்லை. நாங்கள் மூன்று பேரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினோம். சாப்பாட்டு நேரம் என்பதால் தையல்காரர்கள் டிபன் பாக்ஸோடு வேடிக்கை பார்க்க, பாய் மெதுவாகக் காற்றடித்தார். பஞ்சு உருண்டை உருண்டையாக வந்தது. இத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டா இது வேலை செய்தது என்று அக்கா அதைத் தட்டிக்கொடுத்தார்.

மேலே கொண்டுவந்து கார்டை மாட்டினேன். பழைய கார்டை எடுக்க வேண்டியதில்லை. இது அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. பழைய கார்டிலிருந்து ஒரு குட்டை கேபிள் புதுக் கார்டுக்கு, அங்கிருந்து திரைக்கு. ஏன் இப்படிச் சுற்றிப் போக வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டேன். எல்லாம் பழையபடியே இருந்தது. கேமைப் போட்டேன். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து டிக் என்று ஒரு சத்தம். சுவிட்ச் போட்டாற்போல. பாய் சட்டென்று பின்னால் நகர்ந்தார். திரை ஒரு விநாடி கறுத்து மறுபடி வந்தது.

ஓடுதளத்தின் சொரசொரப்பு தெரிந்தது. அக்கா விமானத்தைக் கிளப்பினார். கீழே வயல்கள் வரப்போடு தெரிந்தன. திரும்பும்போது ஒரு வெட்டும் இல்லை. எண்ணெய் போட்டதுபோல் திரும்பியது. இன்னும் மேலே போனதும் எதிரே மேகங்கள். ஒன்றல்ல, வரிசையாக. வெயில் படும் பக்கம் வெள்ளையாக, அடியில் சாம்பலாக. அக்கா ஒரு மேகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அதுக்குள்ள போனா என்னங்கம்மா ஆகும்?" என்று பாய் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது. நேராக மேகத்தில் விட்டார். திரை முழுக்க வெள்ளை. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அந்த வெறும் வெள்ளையையே பார்த்துக்கொண்டு இருந்தோம். பிறகு வெள்ளை கிழிந்து, கீழே ஒரு ஆறு. பாய் மெல்ல மூச்சு விட்டது கேட்டது. அடுத்த வாரத்திலிருந்து அந்தக் கார்டை அவர் விற்ற விதமே வேறு என்று கேள்விப்பட்டேன்.

டிக் என்ற அந்தச் சத்தம் என் மனதில் நின்றுவிட்டது. பிறகுதான் விளங்கியது. மற்ற நேரமெல்லாம் புதுக் கார்டு தூங்கும். பழைய கார்டின் படம் அதன் வழியாகத் திரைக்குப் போகும். கேம் வந்ததும் உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் மாறி, புதுக் கார்டு திரையைத் தன் வசம் எடுத்துக்கொள்ளும். அந்தச் சுவிட்சின் சத்தம்தான் அது.

கொஞ்ச நாளில் எனக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று தோன்றியது. டிசைன் படங்களில் மெல்லிய கோடுகள் லேசாகக் கலங்கித் தெரிந்தன. கண்ணைக் கசக்கினேன். கண்ணாடி போட்டால் வீட்டில் கல்யாணப் பேச்சில் அதுவும் ஒரு குறையாகச் சேருமே என்ற கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமை கண் டாக்டரிடம் போனேன். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்தேன். கண்ணில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

அப்படியென்றால் கோளாறு எங்கே? துணியில் இழை எண்ணும் லென்ஸை எடுத்து, அச்சான ஃபிலிமைப் பார்த்தேன். கோடுகள் கத்தி போல இருந்தன. அப்படியானால் படம் சரி, கண் சரி. திரையில்தான் ஏதோ. திரையில் மாறியது என்ன என்று யோசித்தபோது அந்தக் குட்டை கேபிள் நினைவுக்கு வந்தது. பின்னால் கை விட்டு அதைக் கழற்றி, திரையை நேராகப் பழைய கார்டில் சொருகினேன். கோடுகள் பளிச்சென்று வந்தன. மறுபடி மாட்டினேன். கலங்கின. சந்தோஷத்தில் அதையே மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தேன். சுற்றுவழியில் போய் வருவதில் படம் கொஞ்சம் தேய்ந்துவிடுகிறது.

அக்காவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது. கார்டையே எடுத்துவிடு என்று சொல்லிவிட்டால் மேகம் போய்விடும். சொல்லாமல் இருந்தால் என் வேலை கெடும். மத்தியானம் அவர் வந்ததும் இரண்டு விதமாகவும் மாட்டிக் காட்டினேன். பனியனைப் பார்ப்பதுபோலவே திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"ஆமாங்கண்ணு, நீ சொல்றது சரிதான்," என்றார். "வேலை நேரத்துல கழட்டி வெச்சுக்க. எனக்கு வேணுங்கறப்ப நானே மாட்டிக்கறேன். எங்கன்னு மட்டும் காட்டு."

காட்டினேன். அன்றிலிருந்து மத்தியானம் வந்தவுடன் வளையலை மேலே தள்ளிக்கொண்டு, மேசைக்குப் பின்னால் கை விட்டுத் தானே மாட்டுவார். போகும்போது தானே கழற்றிவிடுவார். ஒருநாள்கூட மறந்ததில்லை.

அடுத்த முறை முதலாளி வெளிநாட்டிலிருந்து வந்தபோது, மனைவி கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்திருப்பதைத்தான் முதலில் பார்த்தார். என்ன என்று கேட்டார். உட்காருங்க என்றார் அக்கா. விமானத்தைக் கிளப்பி, மேகம் வரை கொண்டுபோய் நிறுத்தாத குறையாக மெதுவாக விட்டு, இப்படித்தான் இருக்குமா என்று கேட்டார்.

முதலாளி திரையைப் பார்த்தபடி இருந்தார். தெரியவில்லை என்றார். கால் நீட்ட வசதி என்று எப்போதும் சன்னலை விட்டு நடைப்பக்க சீட்டைத்தான் கேட்டு வாங்குவாராம். ஏறியதும் தூக்கம். எழுந்தால் ஊர் வந்திருக்கும்.

"ஒரு தடவகூட சன்னல்ல பாக்கலீங்களா?" என்றார் அக்கா. குரலில் கோபமில்லை. நிஜமாகவே அவருக்கு அது புரியவில்லை.

"இல்லியே." எழுந்துகொண்டே, "அடுத்த தடவ நீயே வந்து பாத்துக்க," என்றார்.

அவர் பேச்சுவாக்கில் சொன்னாரோ என்னவோ, அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். அடுத்த சீசனில் முதலாளி பையரைப் பார்க்கக் கிளம்பியபோது இரண்டு பேரும் போனார்கள். எனக்கு அந்தப் பத்து நாளும் அக்கா எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார், இறக்கை மறைக்குமோ என்றெல்லாம் யோசனை.

திரும்பி வந்ததும் சாக்லேட் பொட்டலத்தோடு நேராக மாடிக்குத்தான் வந்தார். மேகத்துக்குள் போனால் ஆடுகிறது என்றார். நம்ம கேமில் ஆடாது, அதனால் முதலில் பயந்துவிட்டேன் என்றார். வெள்ளை மட்டும் அதே வெள்ளைதான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, யாரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்ததுபோல் ஒன்று சொன்னார். விமானம் மேகத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தபோது, வெயில் அந்தப் பக்கம் இருக்க, இந்தப் பக்கம் மேகத்தின் மேல் விமானத்தின் நிழல் குட்டியாக ஓடியதாம். நிழலைச் சுற்றி வட்டமாக ஒரு வானவில். முழு வட்டம். கணவரைத் தட்டி எழுப்பிக் காட்டினாராம். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஊர் வரும்வரை சன்னலை விடவே இல்லையாம். கடைசியில் அக்காவை நடைப்பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு இடம் மாறிக்கொண்டாராம்.

அன்று மத்தியானம் அந்த வட்டத்தைத் தேடி இரண்டு பேரும் கேமில் பறந்தோம். நேரத்தை மாற்றிச் சூரியனை முதுகுப்பக்கம் வைத்தோம். மேகத்துக்கு மேலே, பிறகு கொஞ்சம் கீழே, பிறகு ஒட்டினாற்போல். நிழல் தரையில்தான் விழுந்தது, கறுப்பாக. மேகத்தின் மேல் ஒன்றுமே விழவில்லை. பாயைக் கூப்பிட்டு, நிழல் காட்டுகிற கார்டு ஏதாவது வந்திருக்கிறதா என்று அக்கா கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்று போனவர், அடுத்த மாதம் இதைவிடப் பெரிய கார்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் தண்ணீர் அலையடித்தது. மலைமேல் பனி மினுங்கியது. வட்டம் வரவில்லை.

எனக்கு அதற்குள் காங்கேயத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. என் இடத்துக்கு வேறொரு பெண்ணும், அவளுக்கென்று புது மெஷினும் வந்தன. பழையது அக்கா வீட்டுக்குப் போனது. கல்யாணம் முடிந்து முதல்முறை அவர்கள் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது, சாப்பிட்டு முடித்ததும் அக்கா என்னையும் என் வீட்டுக்காரரையும் உள்ளே கூட்டிப்போனார். அங்கே முதலாளி கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பாலைவனத்துக்கு மேல் தாழப் பறந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்து வாங்க என்று தலையசைத்தாரே தவிர, கையை எடுக்கவில்லை. அவர் இறங்கி முடிக்கட்டும் என்று நாங்கள் மூவரும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.