கயிற்றேணி அண்ணாச்சியும் பவுடர் டப்பாவும்

ஜிம் ட்ரெய்னர் வேலை என்பது, பிறத்தியார் தின்றதற்கு நாம் பதில் சொல்கிற வேலை. முந்தின நாள் பொரிச்ச பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி அடித்தவர் அவர். மறுநாள் எடை மெஷின் முன்னால் தலைகுனிந்து நிற்பவன் நான். உங்களில் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால் இந்நேரம் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். டியூஷன் வாத்தியாரோ பல் டாக்டரோ கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரோ என்றாலும் பாதகமில்லை, நாமெல்லாம் ஒரே சாதிதான். சொன்னதைக் கேட்காதவரிடம் சம்பளம் வாங்கி, பலன் வராததற்கு வசவும் வாங்குகிற சாதி.

எங்கள் ஜிம் தூத்துக்குடியில், பழைய துறைமுகம் போகிற வழியில் ஒரு மாடியில் இருக்கிறது. கீழே மளிகைக் கடை. இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. உப்புக் காற்றில் டம்பெல் எல்லாம் துருப்பிடித்து, எடுத்தவர் கை சிவந்துபோகும். இங்கே வந்து போனவர்களில் ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த ஒருவரே ஊருக்குப் போதும்.

பாதி வழியில் நின்றவர்

சேர வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தேதியோடு வருவார்கள். தங்கச்சி கல்யாணம், ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டு, பெண் பார்க்கும் படலம். அதற்குள் வயிறு போய்விடுமா என்று கேட்பார்கள், ஏதோ நான் தையல்காரன் மாதிரி. தனசிங் அண்ணாச்சி தேதி எதுவும் சொல்லவில்லை. ஓர் ஏணியைப் பற்றிச் சொன்னார்.

அவர் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறவர். துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காத கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். இவர் காகிதக் கட்டோடு லாஞ்ச் படகில் போய், கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியில் ஏறி, கேப்டனைப் பார்த்துவிட்டு வர வேண்டும். வருஷக்கணக்காக ஏறியவர்தான். ஆனால் உடம்பும் வருஷக்கணக்காக ஏறிக்கொண்டே இருந்ததில், ஒருநாள் பாதி ஏணியில் கை சோர்ந்து, மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் நின்றுவிட்டார். கப்பல்காரர்கள் கயிறு போட்டு, இடுப்பில் கட்டச் சொல்லி இழுத்தார்கள். லாஞ்சில் இருந்தவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். அண்ணாச்சி கரைக்கு வருவதற்குள் படம் ஆபீஸ் குரூப்புக்கு வந்துவிட்டது.

மேனேஜர் மரியாதையான மனிதர், திட்டவில்லை. கொஞ்ச நாள் கரையிலேயே இருங்கள், கடலைக் கொந்தளிக்க வைக்கிற இந்தக் கச்சான் காற்று ஓய்ந்ததும் ஒரு தடவை ஏறிப் பாருங்கள், முடியாவிட்டால் ஆபீசிலேயே பிரிண்டர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார். கப்பல் தளத்தில் கேப்டனோடு நின்று காப்பி குடித்த மனுஷனுக்கு அது நாற்காலியா, தண்டனையா? எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்று நான் வழக்கம்போல் கேட்டேன்.

"கிலோவ விடுங்க தம்பி. என்னை யாரும் இழுக்காம நான் அந்த ஏணில ஏறணும். இல்லன்னா அந்த பிரிண்டர் பக்கத்துலயே என் காலம் முடிஞ்சிரும்" என்றார்.

அரிசியும் பருப்பும்

எங்கள் முதலாளி கீழே மளிகைக் கடை வைத்து, பிறகு மாடியேறி ஜிம்முக்கு வந்தவர். புரோட்டீன் டப்பாக்களை அவர் அடுக்கியிருக்கும் விதத்திலேயே அது தெரியும். தேதி முடியப் போகிற டப்பா முன்வரிசையில், புதுச் சரக்கு பின்னால். புதிதாக யார் வந்தாலும் முதல் தரிசனம் அந்த அலமாரிக்குத்தான். ட்ரெட்மில் எல்லாம் அப்புறம்.

நான் அண்ணாச்சியை ஓரமாகக் கூட்டிப்போய் உள்ளதைச் சொன்னேன். பவுடர் எந்தக் கொழுப்பையும் கரைக்காது. மீன், முட்டை, பருப்பு, சுண்டல் இதெல்லாம் போதுமான அளவு சாப்பிட முடியாதவருக்கு அது ஓர் ஒத்தாசை, அவ்வளவே. தெருவில் சாளை மீன் கூவிக்கொண்டு போகிற ஊரில் இருந்துகொண்டு டப்பாவைத் தேடுவானேன், சோற்றைக் குறைத்து மீனைக் கூட்டினாலே போதும் என்றேன். முதலாளி எனக்குப் பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை.

"அரிசி வாங்குனா பருப்பு வாங்கணும். ஜிம்முல சேந்தா டப்பா வாங்கணும். இதுல என்னலே ஆராய்ச்சி?" என்றார். தனசிங் அண்ணாச்சி இருப்பதிலேயே பெரிய டப்பாவை வாங்கிக்கொண்டு போனார்.

சீக்கிரம் குறையட்டும் என்று

அவ்வளவு பெரிய டப்பா ஒரு வாரத்தில் காலி. அண்ணாச்சியின் எடை கூடியிருந்தது. மெஷினில் கோளாறா என்று நான் ஏறிப் பார்த்தேன். என் எடை சரியாகவே இருந்தது, அதாவது ஒரு ட்ரெய்னருக்கு இருக்கக் கூடாத அளவுக்குக் கொஞ்சம் கூட இருந்தது. அது வேறு கதை.

அவர் மனைவி மெர்சி அக்காவை வரச் சொல்லி விசாரித்தேன். அக்கா ஒளிவுமறைவு இல்லாதவர். பவுடரைத் தண்ணீரில் கலக்கினால் மனுஷன் குடிப்பானா? அதனால் எருமைப் பாலில், கருப்பட்டி தட்டிப் போட்டு, இரண்டு வாழைப்பழத்தையும் அடித்துச் சேர்த்திருக்கிறார். வழக்கமான இட்லி, வழக்கமான சோறு, வழக்கமான குழம்பு எதிலும் கை வைக்கவில்லை. அதெல்லாம் சாப்பாடு, இது மருந்து, இரண்டையும் நான் குழப்பிக்கொள்வதாக எனக்கே விளக்கினார். டப்பாவில் ஒரு வேளைக்கு ஒரு கரண்டி என்றுதானே போட்டிருக்கிறது என்று கேட்டேன்.

"ஒரு கரண்டி குடிச்சா குறையும்னா மூணு கரண்டி குடிச்சா சீக்கிரம் குறையும்லா. கப்பல் நமக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்?" என்றார்.

ஒட்டுவதற்குப் போட்ட சீனி

பவுடரை நிறுத்தினோம். அப்படியும் மெஷின் முள் அசையவில்லை. ஒருநாள் பயிற்சி முடிந்து துண்டை எடுக்க அண்ணாச்சி பையைத் திறந்தபோது உள்ளே ஒரு பேக்கரிப் பொட்டலம் தெரிந்தது. மக்ரூன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: முட்டை வெள்ளைக்கருவைச் சீனி போட்டு நுரைக்க அடித்து, முந்திரித்தூள் கலந்து, கூம்பு கூம்பாகச் சுட்டு எடுப்பது. வாயில் போட்டால் கரையும். எங்கள் ஊரிலிருந்து யார் எங்கே போனாலும் கையில் இது இல்லாமல் போக முடியாது. கல்யாணம் ஆனால் மக்ரூன், பரீட்சையில் பாஸானால் மக்ரூன், ஃபெயிலானால் ஆறுதலுக்கு மக்ரூன்.

தினமும் எடை தூக்கி முடித்ததும் நாலைந்து உள்ளே போயிருக்கிறது. நான் கோபப்பட்டேன். உடம்பைப் பற்றி இத்தனை நாள் சொன்னதெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டேன். அண்ணாச்சிக்குக் கோபமே வரவில்லை. நான்தான் அவரிடம் வெள்ளைக்கரு நல்லது, ஒரு கைப்பிடி முந்திரி தப்பில்லை என்று சொன்னேனாம். பேக்கரியில் போய், மஞ்சள்கரு ஒரு பொட்டுகூடச் சேர்ப்பதில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே வாங்கினாராம். சரி, சீனி?

"அது சும்மா ஒட்டுறதுக்குப் போடுறதுலா தம்பி. அதையெல்லாமா கணக்குல சேக்கிறது?" என்றார்.

உப்பு மூட்டை

கயிற்றேணியில் ஏறுவது கையால் இல்லை, காலால். புதிதாக ஏறுகிறவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். கை கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும், தொடைதான் உடம்பைத் தூக்க வேண்டும். உடம்பு கூடக் கூடக் காலில் வலு போய், கையால் இழுத்து ஏறப் பார்த்துத்தான் அண்ணாச்சி பாதியில் சோர்ந்திருக்கிறார். அதனால் உட்கார்ந்து எழுவது, பெஞ்சில் ஏறி இறங்குவது, கம்பியைப் பிடித்துத் தொங்குவது என்று ஆரம்பித்தோம். முதல் நாள் கம்பியில் தொங்கினார் என்று சொல்ல முடியாது, கம்பியைத் தொட்டுக் கும்பிட்டார். மக்ரூன் நின்றது. சோறு பாதியானது. கொஞ்சம் கொஞ்சமாக அவர் கால் தரையை விட்டு எழும்பியது.

பிறகு கீழே கடையிலிருந்து சின்ன உப்பு மூட்டை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறச் சொன்னேன். வியர்வை வழிய, மூச்சு வாங்க, ஏறுவதும் இறங்குவதுமாக மனுஷன் உயிரைக் கொடுத்துச் செய்தார். எனக்கு அவர் மேல் முதல் தடவையாக மரியாதை வந்தது அன்றைக்குத்தான். கல்லாவில் இருந்த முதலாளியும் எட்டிப் பார்த்தார். அவருக்கு வந்தது வேறு.

"ஒரே மூட்டைய எதுக்கு அண்ணாச்சி ஏத்தி ஏத்தி எறக்குதீய? வெளிய லாரில லோடு வந்து நிக்கி. அத உள்ள கொண்டு வந்தா உங்களுக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சுல்லா" என்றார்.

வியாதியஸ்தர்

உடம்பு இளைப்பதைச் சந்தோஷமான காரியமாகப் பார்க்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. தொப்பை போட்டவன் நன்றாக இருக்கிறான், இளைத்தவனுக்கு ஏதோ இருக்கிறது. தனசிங் அண்ணாச்சியின் கன்னம் லேசாக ஒட்டியதும், பார்க்கிறவர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்தி, சுகரா என்று கேட்க ஆரம்பித்தார்கள். இல்லை என்றார். இன்னும் குரலைத் தாழ்த்தி, அதைவிடப் பெரிதா என்று கேட்டார்கள். ஜிம்முக்குப் போகிறேன் என்றால் ஒருத்தரும் நம்பவில்லை. ஐம்பதை நெருங்கும் மனுஷன் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் அங்கே எதற்குப் போகிறான்?

யார் பெயர் கொடுத்தார்களோ தெரியாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வியாதியஸ்தர்களுக்காக ஜெபிக்கும்போது போதகர் அண்ணாச்சியின் பெயரையும் சேர்த்து, கர்த்தர் அவரைப் பலப்படுத்த வேண்டும் என்று உருக்கமாக மன்றாடினார். பலப்படுத்தும் வேலையை நான் செய்துகொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. அண்ணாச்சி எழுந்து நின்று மறுக்கவா முடியும்? சாயந்தரம் சபைப் பெண்கள் ஆப்பிளும் பன்னும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மெர்சி அக்கா பயந்துபோய், ஏணியும் வேண்டாம் கப்பலும் வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து நிம்மதியாகச் சம்பாதித்தால் போதும் என்று அழுதிருக்கிறார். அண்ணாச்சி ஜிம்முக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

காற்று ஓயப் போகிற நேரம். நான் நேரே வீட்டுக்குப் போனேன். ரத்தப் பரிசோதனை எடுங்கள், ஒரு குறை இருந்தாலும் நானே பிரிண்டர் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கிறேன் என்றேன். எடுத்தார்கள். எல்லாம் சுத்தம். கூடவே பார்த்ததில், முன்பு இருந்த பிரஷர்கூடக் குறைந்திருந்தது. அக்கா சமாதானமாகி மறுநாளே அனுப்பிவைத்தார். ஆனால் அன்றைக்கு நலம் விசாரிக்க வந்திருந்த ஒரு சபை அம்மாள் மட்டும் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க கொழுந்தனுக்கும் முதல்ல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாக. நீங்க தைரியமா இருங்க" என்றார்.

முன்னால், பின்னால்

முதலாளிக்கு ஓர் ஆசை உண்டு. சேர்ந்த அன்று ஒரு படம், இளைத்த பிறகு ஒரு படம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கீழே டப்பாவின் படத்தையும் போடுவது. அண்ணாச்சியை நிற்க வைத்து எடுத்தார். தொப்பை கொஞ்சம் இறங்கியிருந்தது, இல்லாமல் போகவில்லை. எடையும் அப்படியொன்றும் பிரமாதமாகக் குறையவில்லை. கொழுப்பு போன இடத்தில் தசை வந்தால் மெஷினுக்கு என்ன தெரியும்? அவர் இப்போது கம்பியில் தொங்கிக்கொண்டு என்னிடம் ஊர்க்கதை பேசுகிறார், அதைப் பாருங்கள் என்றேன். முதலாளி இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் அண்ணந்தம்பி மாதிரில்லா இருக்கு. இத வச்சு நான் எப்பிடி டப்பா விக்க?" என்றார்.

அன்றைக்கு

காற்று ஓய்ந்தது. நிலக்கரிக் கப்பல் ஒன்று வெளியே நங்கூரம் போட்டு நின்றது. மேனேஜர் அண்ணாச்சியைப் போகச் சொன்னார், அவர் ஏறாவிட்டால் ஏறுவதற்கு லாஞ்சில் இன்னோர் ஆளையும் கூடவே அனுப்பினார். காலையில் அண்ணாச்சி எனக்குப் போன் செய்து, போகிறேன் தம்பி என்று மட்டும் சொன்னார். அன்று முழுக்க நான் யாருக்கும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை. பயமாக இருந்தது, அதைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம். ஏணி ஆடுகிற கடலில் என் பாடமெல்லாம் எத்தனை தூரம் நிற்கும்?

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வந்தார். துண்டைத் தொங்கவிட்டு, உட்கார்ந்து எழ ஆரம்பித்தார். நான் கேட்கவும் முடியாமல் கேட்காமல் இருக்கவும் முடியாமல் பக்கத்தில் நின்றேன். முடித்துவிட்டுத்தான் சொன்னார். ஏணி ஆடியதாம். முன்பு மாட்டிக்கொண்ட இடமும் வந்ததாம். அங்கே கொஞ்சம் நின்று, மூச்சு விட்டு, கையை நம்பாமல் காலை ஊன்றி மிச்சத்தையும் ஏறிவிட்டாராம். மேலே கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு தயாராக நின்ற மாலுமி, அதை ஓரமாகப் போட்டுவிட்டு வழிவிட்டானாம். இதைச் சொல்லும்போதெல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தார். அதற்கப்புறம்தான் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"மேல போய் நின்னு கீழ பாத்தேன் தம்பி. லாஞ்சுல ஒருத்தனும் என்னை அண்ணாந்து பாக்கல. அவனவன் வேலையப் பாத்துக்கிட்டு இருக்கான். எனக்கு அது போதும்" என்றார்.

யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று வாசலில் போர்டு எழுதி வைத்தால் எங்கள் மாடிக்கு ஒருத்தர்கூட ஏறி வர மாட்டார், ஆனால் இத்தனை வருஷத்தில் நான் விற்ற ஒரே உருப்படியான சரக்கு அதுதான்.