எங்கள் வார்டின் தண்டல்

புன்னக்காயல் வியாகுலத்தை முதல் நாள் பார்த்தபோது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நான் தாவூது, மேலப்பாளையத்தில் கைலி வியாபாரி. பதினோரு நாள் தூங்காமல், வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கைலியைச் சும்மா தூக்கிக் கொடுத்ததால் என் மனைவி ரைஹானத் என்னைத் திருநெல்வேலியில் ஒரு மனநல வார்டில் சேர்த்துவிட்டாள். தாராள மனசுக்கு ஒரு வார்டா என்று நான் கோபத்தில் இருந்த நேரம் அது.

எட்டுக் கட்டிலில் முதல் கட்டில் வியாகுலத்துக்கு, எட்டாவது எனக்கு. அவர் முப்பது வருஷம் தோணியில் தண்டலாக இருந்தவர். தோணிக்கும் அதிலுள்ள ஆள்களுக்கும் தண்டல்தான் தலைவர். கடலுக்குள்ளிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொல்லி, ஒருநாள் கழுத்தளவு தண்ணீர் வரை நடந்து போய்விட்டார். மகள் ஜெர்லின் கொண்டுவந்து சேர்த்தாள். ஜெர்லினின் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். ஏழு நாள் ஒருவேளைகூட விடாமல் மருந்து சாப்பிட்டால் அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

மனுஷர் வாயைத் திறந்தால்தானே. மாத்திரை வண்டி முதலில் அவரிடம் வரும். வேண்டாம் என்பார். சோற்றுக்கும் அதே பதில்தான். 'மறுக்கிறார்' என்று எழுதிவிட்டு வண்டி நகர்ந்துவிடும். இப்படியே மூன்று நாள் வீணாய்ப் போனது. ஞானஸ்நானத்துக்கு எட்டு நாள்தான் பாக்கி.

நாலாம் நாள் கிரேஸி சிஸ்டர் வேலைக்கு வந்தார். சாத்தான்குளத்துக்காரர். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, வேறு வேலையே இல்லாதவர் மாதிரி வியாகுலத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன் அண்ணாச்சி வேண்டாங்கிய?"

"எப்பவும் வேண்டாம்னா சொன்னேன்? இப்ப வேண்டாங்கேன். தோணியில எல்லாரும் சாப்பிட்ட பொறகுதான் தண்டல் சாப்பிடுவான். இங்கன ஏழு பேரு காத்துக் கெடக்கான். நான் எப்பிடி மொத ஆளா கைய நீட்டுவேன்?"

மூன்று நாளாக யாருமே கேட்காத கேள்வி அது. சிஸ்டர் சிரிக்கவில்லை. வண்டியை நேரே என் கட்டிலுக்கு உருட்டி வந்தார். அன்று முதல் மாத்திரை வண்டியும் சோற்று வண்டியும் எட்டிலிருந்து ஒன்றுக்கு ஓடின. மற்ற சிஸ்டர்களுக்கும் எழுதி வைத்துவிட்டார். வியாகுலம் கடைசியாக வாங்கி மடக்கென்று விழுங்கினார்.

அதோடு விட்டாரா? வண்டிக்குப் பின்னாலேயே நடந்து ஒவ்வொருவர் வாயையும் சோதித்தார்.

"நாக்கைத் தூக்கும் வே."

வந்தது வினை. அதுவரை நான் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி, ஜன்னல் வழியே துப்பிக்கொண்டிருந்தேன். இனி விரலிடுக்கில் மறைத்துக் கைலி மடிப்பில் செருக வேண்டியதாயிற்று. வியாபாரிக்கு விரல் வித்தையா தெரியாது?

சனிக்கிழமை சாயங்காலம், ஏழு நாளின் கடைசி வேளை. ஜெர்லின் பையோடு வாசலில் வந்து நின்றாள். நான் நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு எழுந்தேன். கைலியிலிருந்து மாத்திரை விழுந்து வியாகுலத்தின் காலடிக்கு உருண்டது. அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. பைய நடந்துபோய்த் தன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு இப்ப வேண்டாம்."

"நாளைக்குப் பேரனுக்கு ஞானஸ்நானம் அண்ணாச்சி," என்றார் சிஸ்டர்.

"தெரியும் தாயி. ஒருத்தன் இன்னும் சாப்பிடல."

ஜெர்லின் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சிஸ்டர் திட்டியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிப் பேசித் தப்பித்திருப்பேன். அவரோ தரையில் கிடந்த மாத்திரையைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் பாய், மாத்திரை பிடிக்கலையா?"

"போட்டா கை நடுங்குது சிஸ்டர். துணி மடிக்க முடியாது. சொன்னா யாரு கேக்கா?"

"நான் கேக்கேன். டாக்டர்ட்ட சொல்லி அளவைப் பாக்கச் சொல்லுதேன். இப்ப இதைப் போடுங்க."

போட்டேன். நாக்கைத் தூக்கி, பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். அதன் பிறகுதான் வியாகுலம் கையை நீட்டினார்.

மறுநாள் விடியும் முன்பே மகளோடு ஊருக்குப் போய்விட்டார். சாயங்காலம் வழக்கம்போல வண்டி முதலில் என் கட்டிலுக்கு வந்தது.

"எனக்குக் கடைசில தாங்க சிஸ்டர்," என்றேன். "எல்லாரும் போட்டாச்சான்னு ஒருத்தன் பாக்கணும்லா."

கிரேஸி சிஸ்டர் வண்டியைத் திருப்பினார். நான் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன்.